சின்னவளைக் கேட்காமல் கையெழுத்து இல்லை

1

போன வாரம் இங்கே போலீஸ் நிலையத்துக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் பவர் கொடுத்துவிட்டு வந்தேன். பயப்பட வேண்டாம், சொத்து விவகாரம் இல்லை. ஒரு தேர்தல் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எனக்குப் பதிலாக அவர் போய் ஓட்டுப் போடுவதற்கு பிரான்சில் ஒரு பத்திரம் உண்டு. நம் ஊர்ப் பவர் பத்திரத்தின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த போலீஸ்காரர் சின்னப் பையன். மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, "இதை உங்கள் விருப்பத்தோடுதான் கொடுக்கிறீர்களா? யாரும் வற்புறுத்தவில்லையே?" என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு ஏனோ அது பொறுக்கவில்லை. "நீ எழுது, எழுது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். நீங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீ. பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் குப்பை கொட்டியும், கோபமோ பயமோ வந்தால் என் பிரெஞ்சுக்கு மரியாதை போய்விடுகிறது.

கூட வந்திருந்த மகள் நித்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும் என்னைத் திட்டித் தீர்த்தாள், அதுவும் பிரெஞ்சில். அவள் கோபப்படுவது, சிரிப்பது, கனவு காண்பது எல்லாம் இப்போது அந்த மொழியில்தான். தமிழ் என்பது சோறு கேட்கவும், விருத்தாசலத்தில் இருக்கிற தாத்தாவோடு போனில் இரண்டு வார்த்தை பேசவும் மட்டும்.

"ஒரு கேள்விக்குப் போய் யாராவது அழுவார்களா?" என்றாள்.

அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே கேள்வியை என் அப்பாவிடமும் ஒருவர் கேட்டார். அதற்கு அப்பா சொன்ன பதிலில் ஆரம்பித்ததுதான், இன்றுவரை அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன், உட்கார முடியவில்லை. எழுதினாலாவது கால் ஒரு இடத்தில் நிற்குமா என்று பார்க்கிறேன்.

2

அப்பாவுக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கொட்டகை, சில அச்சுகள், எங்கள் தெருவையும் பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்த சில பெண்கள். மின்சார ஃப்யூஸ் கட்டைதான் முக்கியச் சரக்கு, கொலு சமயத்தில் மட்டும் பொம்மை. மண்ணை அச்சில் வைத்து அழுத்தி எடுத்து, காயவைத்து, பேட்டைக்குப் பொதுவாக இருக்கிற சூளையில் முறை வரும்போது கொண்டுபோய்ச் சுட வேண்டும். சுடாத கட்டையைப் பச்சை என்பார்கள். பார்க்க வெள்ளையாக, கெட்டியாகத்தான் இருக்கும். தண்ணீர் பட்டால் மண்.

அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது அந்தப் பச்சையால்தான். ஒருநாள் அவரே முன்னால் நின்று ஒரு லோடு ஃப்யூஸ் கட்டையை வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டி மெட்ராஸ் கடைக்கு லாரியில் ஏற்றிவிட்டார். அத்தனையும் சூளைக்கே போகாத பச்சை. வேலை செய்கிற பெண்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "எனக்கே சொல்றீங்களா?" என்று கேட்டாராம். அதற்குமேல் யார் பேசுவது? வழியில் மழை. கடைக்காரர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சேறும் வைக்கோலும்தான் இருந்தன.

பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் ஒருவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒரு பேர் சொன்னார். அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அண்ணன் அதை ஞாபக மறதி என்றார், அக்கா வயசு என்றாள். தெருவில் மட்டும் உள்ளபடி கேட்டார்கள்: "உங்கப்பாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சாமே?"

அம்மா முன்னமே போய்விட்டாள். வீட்டுக்காரரை இழந்து பிள்ளையும் இல்லாமல் திரும்பி வந்த வசந்தா அக்காதான் அப்பாவோடு இருந்தாள். அண்ணன் அதே ஊரில் தனிக்குடித்தனம், யூனிட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் யூனிட்டும் வீடும் அப்பா பேரில். பாங்கில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவோ ஒரு நாள் ஒரு மாதிரி போட்டார், மறுநாள் பாதியில் நிறுத்திவிட்டு, "மீதி என்னா?" என்று கேட்டார். பாங்குக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். வேலைக்கு வந்த பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்காக வாசலில் நின்றார்கள். அப்போதுதான் அண்ணன் பவர் பத்திரம் பேச்சை எடுத்தார்.

3

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் ஊருக்குப் போன் போடுவேன். அப்பாதான் எடுப்பார். "அமுதா! சாப்டியா? அங்க பனி பெய்யுதா?" கோடையிலும் அதே கேள்விதான். அவரோடு பேசி முடித்ததும் அக்கா வாங்கிக்கொள்வாள். வேறொரு நாள் அண்ணன் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டு வைத்துவிடுவார், நான் திருப்பிக் கூப்பிட வேண்டும்.

"பவர் இருந்தாத்தான் பாங்குல பேச முடியும். வூட்டையும் சேத்து காட்டுனாத்தான் கடன் தருவான். நான் என்னா வூட்ட வித்தா திங்கப் போறேன்?" என்பார் அண்ணன்.

"வூட்டச் சேத்து எழுதிட்டா நாளைக்கு நானும் அப்பாவும் எங்க போறது? அவன் நல்லவந்தான். ஆனா கடன்காரன் வந்து நின்னா நல்லவன் என்னா பண்ணுவான்? பவர எனக்குக் குடுக்கட்டும். குளிப்பாட்டறது நானு, ஊட்டறது நானு" என்பாள் அக்கா.

இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது, அதுதான் தொல்லை. யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இருவருமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நீ சொன்னால் அப்பா கேட்பார். ஆகவே இரண்டு பேரும் எனக்குத் தாள் அனுப்பினார்கள். அண்ணனுக்குப் பவர் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று ஒன்று. ஆட்சேபணை உண்டு என்று இன்னொன்று. இரண்டிலும் தூதரக முத்திரை வேண்டுமாம். சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பாரிசில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் நம் நாட்டு அதிகாரியிடம் பிரெஞ்சில் பேசினேன். அவர் இந்தியில் பதில் சொன்னார். கடைசியில் இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தோம். இரண்டு தாளையும் படித்தவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மேடம், இதில் எதற்கு முத்திரை வேண்டும்? ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு வாருங்கள்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். ஆற்றோரமாக நடந்தேன், பஸ் ஏறினேன், தவறான பஸ் என்று இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

4

மெட்ராசிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. மறதி வந்தவர் மாதிரியே இல்லை. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா" என்றேன்.

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. எந்த ஊர்லேருந்து வர்றீங்க? உள்ள வசந்தா இருக்குது, போங்க."

அக்கா வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வச்சிக்காத அமுதா. என்னியே பாதி நாளு அம்மாங்கறாரு."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? விமானத்தில் வந்தவள் நான். உப்பில்லாத சோற்றைத் தின்று, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைத் துவைத்து, வாரம் தவறாமல் போன் போட்ட சின்னப் பெண் நான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு யூனிட்டைக் காட்டினார். அச்சுகள் அடுக்கியபடி கிடந்தன. ஒரே ஒரு அம்மா மட்டும் கூட்டிக்கொண்டிருந்தாள். "சூளையில நம்ம முறைய வேற ஆளுக்கு விட்டுட்டேன். வைக்கறதுக்குச் சரக்கு இல்ல" என்றார். அவர் கழுத்து எலும்பு தெரிந்தது. அங்கேயே எனக்கு மனசு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அக்காவிடம் மன்றாடினேன், வீட்டை விற்கவே மாட்டேன் என்று அண்ணன் அம்மா படத்தின் மேல் சத்தியம் செய்தார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்திரப்பதிவு ஆபீசுக்கு மட்டும் வர மறுத்துவிட்டாள்.

"பெரியவர் தெளிவா இருக்கற நாளா பாத்து கூட்டிட்டு வாங்க" என்று வக்கீல் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை அப்பா தெளிவாக இருந்தார். காரில் போகும்போது அண்ணன் பாடம் நடத்தினார்.

"பேரு கேப்பாங்க, சொல்லணும். எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. பையனுக்கு பவர் குடுக்க வந்தேன்னு சொல்லணும்."

"எத்தினி வாட்டிடா சொல்லுவ? நான் என்னா கொழந்தையா?"

சார்பதிவாளர் நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாதவர். பேர் கேட்டார், தகப்பனார் பேர் கேட்டார், தெரு கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். எதற்கு வந்தீர்கள் என்றதற்கும் சொல்லிக்கொடுத்ததையே சொன்னார். அண்ணன் மூச்சு விட்டார். அப்போது சார்பதிவாளர் பத்திரத்தைத் தட்டிக்கொண்டே, "ஐயா, இதை உங்க மனசறிஞ்சுதான் குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்றார்.

அது பாடத்தில் இல்லை. அப்பா யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சின்னப் பொண்ணக் கேக்கணுங்களே. அது ஃப்ரான்ஸ்ல இருக்குது. அதக் கேக்காம நான் போட மாட்டேன்."

"அப்பா, இந்தா நிக்குது பாருங்க அமுதா!" என்று அண்ணன் என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அப்பா என்னை நன்றாகவே பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையாட்டினார். "நீங்களும் கையெழுத்து போடத்தான் வந்தீங்களாம்மா?"

சார்பதிவாளர் பத்திரத்தை மடித்து அண்ணனிடம் கொடுத்தார். "இன்னிக்கு வேணாம் சார். பெரியவரக் கூட்டிட்டுப் போங்க" என்றார், குரலை உயர்த்தாமல். ஆபீசில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அண்ணன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தானாகவே எழுந்து குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா இட்லி கொண்டுவந்தாள். தொடவில்லை.

"அமுதா பேசட்டும். அப்புறம் சாப்பிடறேன்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "அப்பா, நான்தாம்ப்பா அமுதா. வந்துட்டேன். இனிமே போன் வராது."

"ஷ்! பேசாம இருங்கம்மா. மணி அடிச்சா கேக்காது."

மத்தியானமாகியும் அவர் அசையவில்லை. வாரா வாரம் இப்படித்தான் என்றாள் அக்கா. வேலை நேரம் மாறி நான் பேச முடியாத வாரங்களில் பட்டினியே கிடந்திருக்கிறாராம். அதை எனக்குச் சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். நான் வாரம் தவறாமல் பேசினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்த மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

"நேர்ல உன்னத் தெரியல. போன்ல நல்லாத் தெரியும். பூத்துக்குப் போயி ஒரு வார்த்த பேசிட்டு வா" என்றாள் அக்கா.

அந்த நேரம் அண்ணன் வந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகம் மாறியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னோடு கிளம்பிவிட்டார். தெருமுனையிலேயே பூத். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அப்படியே கையெழுத்து போடச் சொல்லிடு அமுதா. நீ சொன்னா நாளைக்கே போட்டுடுவாரு. எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்.

எண்களை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தார்.

"அப்பா, நான் அமுதா பேசறேன்."

"அமுதா! கண்ணு! சாப்டியா? அங்க பனி பெய்யுதா?"

வெளியே மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "பெய்யுதுப்பா" என்றேன்.

"லைனு இன்னிக்கு நல்லா இருக்குது. பக்கத்து வூட்டுலேருந்து பேசற மாதிரி. கொழந்த நல்லாருக்குதா? அவரு நல்லாருக்காரா?"

எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. மருமகன் வேலை, நித்யாவின் படிப்பு, எனக்குக் குளிரில் வருகிற முதுகுவலி. ஊரில் வந்து இறங்கியதிலிருந்து தேடிக்கொண்டிருந்த அப்பா, வீட்டைவிட்டு வெளியே வந்ததும் கிடைத்துவிட்டார்.

"இங்க ஒரு அம்மா வந்து தங்கியிருக்காங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "யாருன்னு தெரியல. நல்லவங்கதான், என் சட்டையெல்லாம் தொவைச்சுப் போடறாங்க. ஆனா உன் கட்டில்ல படுத்துக்கறாங்க. நீ வந்தா எங்க படுப்ப?"

அவரே தொடர்ந்தார்.

"பெரியவன் கையெழுத்து கேக்கறான். வசந்தா போடாதங்குது. ரெண்டு பேரும் என் புள்ளைங்கதானே. எனக்கு ஒண்ணும் புரியலம்மா. புரியலன்னு சொன்னா கோச்சிக்கறாங்க. நீ சொல்லு. போடட்டுமா, வேணாமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கதவைத் தட்டினார். சொல்லு, சொல்லு என்று வாயசைத்தார். அவர் வீட்டு அடுப்பும், கூலிக்கு நிற்கிற பெண்களும் என் ஒரு வார்த்தையில் இருந்தார்கள். எனக்குத் தெரியும். அக்காவின் கூரையும் அதில்தான் இருந்தது. போடுங்கள் என்றால் போடுவார். நாளைக்கு அக்காவுக்குப் போடுங்கள் என்றாலும் போடுவார். மனசறிந்து என்று அந்தச் சார்பதிவாளர் கேட்டாரே, அந்த மனசு அப்பாவிடம் இல்லை. என் தொண்டையில் இருந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

"வேணாம்ப்பா. புரியாததுல கையெழுத்து போடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"எப்ப வர்ற?"

"சீக்கிரம் வரேம்ப்பா. இப்ப சாப்பிடுங்க."

வெளியே வந்ததும் அண்ணன் என் வழியை மறித்துக்கொண்டார். "இங்கயே நின்னுகிட்டு வரேன்னு சொல்ற. பனி பெய்யுதுங்கற. அத்தினி பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு, போடுங்கன்னு ஒண்ணு சொன்னா கொறஞ்சா போயிடும்?"

"நான் சொன்னா போட்டுடுவாருண்ணா. அதான் என்னால சொல்ல முடியல."

"அப்ப நான் கோர்ட்டுல போயி எங்கப்பாவுக்குப் புத்தி சரியில்லன்னு எழுதிக் குடுக்கணும். நீ ஏரோப்பிளேன்ல ஏறிப் போயிடுவ. இந்தத் தெருவுல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்கப் போறவன் நானு."

அவர் சொன்னது உண்மை. பூத்துக்காரர் கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டுக்கு வராமல் அப்படியே போய்விட்டார்.

6

கடைசியில் அண்ணன் கடலூர் கோர்ட்டில் எழுதித்தான் கொடுத்தார். டாக்டர் சர்டிபிகேட்டோடு, அக்காவையும் வழக்கில் சேர்த்து. வாய்தாவுக்கு வாய்தா அலைச்சல். யூனிட் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் இன்னொருவர் யூனிட்டில் மேஸ்திரியாக இருக்கிறார் என்று அக்கா சொல்கிறாள். வீடு இருக்கிறது, அப்பாவும் இருக்கிறார். நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் அண்ணன் கழுத்தெலும்பு கண்ணில் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர், "முடிந்ததை விடு" என்கிறார். அவருக்கு என்ன, பவர் வாங்கி ஓட்டுப் போடப் போகிறார்.

அந்தப் பயணத்தில் நான் கிளம்புகிற அன்று அப்பா வாசல்வரை வந்தார். "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்களேன்" என்றார். "அவசரமா வேலை இருக்குதுங்க" என்றேன். போயிட்டு வரேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பாரிஸ் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தும் அப்பாதான் எடுத்தார்.

"அமுதா! சாப்டியா? அங்க பனி பெய்யுதா?"

அன்றைக்கு நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது. சொன்னேன்.

"நீ ஒரு ரெண்டு நாளு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு வருத்தம். "ஒரு அம்மா இங்க வந்து தங்கியிருந்தாங்கன்னு சொன்னேன் இல்ல? நேத்துதான் கெளம்பிப் போனாங்க. என் பொண்ணு வந்துடும், பாத்துட்டுப் போங்கன்னு எவ்வளவோ சொல்ல நெனச்சேன். உன்னப் பாக்காமலே போயிட்டாங்க. பாவம், போறப்ப அழுதாங்கம்மா."